லாகின் செய்திகளை எப்படிக் கையாள்வது? சிறு ஊர்ச் சங்கத்துக்குப் புரோகிராம் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் உள்ள ஒரு சிறு சிக்கனச் சங்கத்துக்கு உறுப்பினர் பக்கம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், அல்லது செய்து ஓய்ந்து இப்போது தாமான் வீடுகளில் பிள்ளைகளோடு இருப்பவர்கள். சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் வேலை. கணக்குப் பகுதி மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. லாகின் பகுதியில் வரும் செய்திகள்தான் அதற்கு மேல் இரண்டு மாதம் என்னை வாட்டின.

திறந்துவிட்ட முதல் சனிக்கிழமை காலை அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா சங்க அறைக்கு வந்தார். கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி என்னிடம் நீட்டினார். திரையில் சிவப்பு எழுத்தில் 'தவறு. அனுமதி இல்லை' என்று இருந்தது. "தம்பி, நான் என்ன தப்பு பண்ணினேன்? மாசா மாசம் கடன் கட்டிக்கிட்டுத்தானே வர்றேன்?" என்று கேட்டார். ஐசி (அடையாள அட்டை) எண்ணை அட்டையில் உள்ளபடியே நடுவில் கோடு போட்டு அடித்திருந்தார். வேறு எதுவும் இல்லை. முந்தின இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று அவர் மகள் சொன்னபோதுதான் அந்த இரண்டு வார்த்தைகளை எழுதியது நான் என்பது எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு படித்துப் பார்த்துத் திருத்தியதை வரிசையாகத் தருகிறேன். உதாரணங்கள் பிஎச்பி-யை வைத்துத்தான் வரும், ஆனால் நோட், பைத்தான், ஜாவா எதில் எழுதினாலும் சிக்கல்கள் இவைதான். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லாகின் பக்கத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் இரண்டு பேர் படிக்கிறார்கள், ஒருவர் உங்கள் உறுப்பினர், மற்றவர் திருட வந்தவர். உறுப்பினருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிய வேண்டும், திருடனுக்கு ஒன்றும் தெரியக் கூடாது.

1. கோடு (code, புரோகிராம் வரிகள்) எழுதும் முன் ஒரு தாள் தயார் செய்யுங்கள்

செய்திகளைக் கோடுக்குள் அங்கங்கே எழுதிவைக்காதீர்கள். ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். முதல் பத்தியில் ஒரு குறியீடு, அடுத்து தமிழ், மலாய், ஆங்கிலம். எனக்கு மொத்தம் 11 செய்திகள் வந்தன: பொருந்தவில்லை, பலமுறை முயன்றதால் சற்று நேரம் காத்திருக்கவும், நேரம் முடிந்துவிட்டது, வெளியேறிவிட்டீர்கள், கடவுச்சொல் மாறிவிட்டது, சர்வரில் கோளாறு, இப்படி. சர்வர் கோளாறுக்குத் தனிச் செய்தி கட்டாயம் வேண்டும். டேட்டாபேஸ் விழுந்து கிடக்கும்போது 'கடவுச்சொல் பொருந்தவில்லை' என்று காட்டினால் உறுப்பினர் தன் மேல்தான் பிழை என்று நினைத்து, சரியாக இருந்த கடவுச்சொல்லைப் போய் மாற்றுவார்.

மொழியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பிரவுசர் அனுப்பும் மொழி விருப்பத்தை நம்பித் தமிழ் காட்டலாம் என்று நினைத்தேன். நம் ஊர்க் கைப்பேசிகள் எல்லாம் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கின்றன, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டியின் கைப்பேசியும் பேரன் வைத்துக் கொடுத்தபடி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆகவே லாகின் பக்கத்தின் மேலேயே மூன்று மொழிப் பொத்தான்களைப் பெரிதாக வையுங்கள், தொட்டதைக் குக்கியில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளை எழுதி, சங்கத்துச் செயலாளர் அக்காவிடம் கொடுத்து, அவர் அதை மூன்று உறுப்பினர்களிடம் வாசித்துக் காட்டி, திருத்தி வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

2. அடித்ததை முதலில் சுத்தம் செய்யுங்கள்

'பொருந்தவில்லை' என்று வந்தவற்றில் பாதிக்கு மேல் உண்மையில் பொருந்தியிருக்க வேண்டியவை. ஐசி எண்ணில் கோடு, நடுவில் இடைவெளி, கடைசியில் கைப்பேசி தானாகச் சேர்க்கும் இடைவெளி, இவை எல்லாவற்றையும் சர்வரில் நீக்கிவிட்டு 12 இலக்கம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். தொலைபேசி எண் என்றால் ஒருவர் 012 என்று தொடங்குவார், இன்னொருவர் 6012 என்பார், மற்றவர் முன்னால் கூட்டல் குறி போடுவார். மூன்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து அதையே சேமித்து வையுங்கள்.

தமிழில் கடவுச்சொல் வைக்க விட்டீர்கள் என்றால் (நான் விட்டேன், வயதானவர்களுக்கு நினைவில் நிற்கிறது) கவனமாக இருங்கள். ஒருவர் 'கொய்யாமரம்' என்று வைத்தார். பழைய கைப்பேசியில் சரியாக நுழைந்தவர், புதுக் கைப்பேசி வாங்கியதும் நுழைய முடியவில்லை. அவர் அடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. காரணம் என்னவென்றால் 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறிகளாக, அல்லது ககரம், கொம்பு, கால் என்று மூன்று குறிகளாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஹேஷ் போட்டால், அதாவது திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றிச் சேமித்தால், இரண்டும் வேறு வேறு. கடவுச்சொல்லை ஹேஷ் செய்வதற்கு முன், பதிவின்போதும் நுழைவின்போதும், என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பிஎச்பி-யில் நார்மலைசர் என்ற வகுப்பு இதைச் செய்யும், அதற்கு intl என்ற நீட்சி சர்வரில் போட்டிருக்க வேண்டும். இது இல்லாமல் திறந்துவிட்டுப் பின்னால் சேர்த்தால், பழைய வடிவத்தில் ஹேஷ் ஆனவர்கள் எல்லாரும் கடவுச்சொல்லைப் புதிதாக வைக்க வேண்டி வரும். எனக்கு அப்படித்தான் ஆனது.

நீளத்தை அளப்பதிலும் பாருங்கள். 'அம்மா' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள். யுடிஎஃப்-8 பைட் கணக்கில் 15, ஏனென்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'குறைந்தது எட்டு எழுத்து' என்று எழுதிவிட்டு பைட்டை எண்ணும் எஸ்டிஆர்லென் (strlen) கொண்டு அளந்தால் 'அம்மா' உள்ளே வந்துவிடும். எதிர்ப்பக்கம், பிகிரிப்ட் (bcrypt) என்ற ஹேஷ் முறை முதல் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது, அதாவது 24 தமிழ்க் குறிகளோடு நின்றுவிடும், அதற்கு அப்பால் என்ன அடித்தாலும் கதவு திறக்கும். மேல் வரம்பையும் பைட்டில் சோதித்து, மீறினால் பதிவின்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

3. தோற்றுப்போன நுழைவுக்கு ஒரே செய்தி

'இந்த ஐசி எண் எங்களிடம் இல்லை' என்று ஒரு செய்தி, 'கடவுச்சொல் பொருந்தவில்லை' என்று இன்னொரு செய்தி. பார்க்க உதவியாகத்தான் இருக்கும், ஆனால் செய்யாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். மைகார்டு (ஐசி அட்டை) எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக் என்றால் 08. மிஞ்சுவது நான்கு இலக்கம், அதிலும் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பிறந்தநாள் வாழ்த்தை முகநூலில் பார்த்த ஒருவனுக்குத் தெரியாதது 5,000 எண்கள்தான். விநாடிக்கு ஒன்று என்று உங்கள் சர்வரிடம் கேட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த மனிதரின் ஐசி எண்ணும், அவர் உங்கள் சங்கத்து உறுப்பினர் என்பதும் அவன் கையில் இருக்கும். அதை அவனுக்குச் சொன்னது உங்கள் செய்தி.

ஒரே செய்தி என்றால் வெறுமையான செய்தி என்று அர்த்தமில்லை. நாங்கள் கடைசியில் வைத்தது இது:

'ஐசி எண்ணும் கடவுச்சொல்லும் பொருந்தவில்லை. இரண்டையும் மறுபடி பார்த்து அடியுங்கள். மறந்திருந்தால் கீழே உள்ள பொத்தானைத் தொடுங்கள். இதனால் உங்கள் சேமிப்புக்கும் கடனுக்கும் ஒன்றும் ஆகாது.'

கடைசி வரி அந்த அம்மாவுக்காகச் சேர்த்தது.

வார்த்தை ஒன்றாக இருந்தாலும் நேரம் காட்டிக்கொடுக்கும். உறுப்பினர் இல்லாத எண் என்றால் சர்வர் உடனே பதில் சொல்லிவிடும், இருக்கும் எண் என்றால் ஹேஷை ஒப்பிட்டுப் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த வித்தியாசத்தை அளந்தே யார் உறுப்பினர் என்று கண்டுபிடிக்கலாம். ஆள் இல்லாவிட்டாலும் ஒரு பொய் ஹேஷோடு ஒப்பிட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். அந்தப் பொய் ஹேஷின் கடினத்தன்மை மற்றவற்றுக்குச் சமமாக இருக்க வேண்டும். பிஎச்பி 8.4-இல் இதன் இயல்பான அளவு 10-லிருந்து 12 ஆக உயர்ந்திருக்கிறது, மற்ற ஹேஷ்கள் 12-க்கு மாறும்போது பொய் ஹேஷையும் மாற்றுங்கள்.

'கடவுச்சொல் மறந்துவிட்டது' பக்கத்துக்கும் இதே விதி. 'இந்த எண் பதிவில் இருந்தால் எஸ்எம்எஸ் வரும்' என்பதோடு நிறுத்துங்கள்.

அப்புறம், சர்வர் தன் பதிலோடு அனுப்பும் ஸ்டேட்டஸ் எண்கள். சாதாரணப் படிவ நுழைவில் தோற்றால் படிவத்தையே செய்தியோடு திரும்பக் காட்டினால் போதும். கைப்பேசிச் செயலி சர்வரோடு பேசும் ஏபிஐ எழுதினால், நுழைவு தோற்றதற்கு 401 அனுப்புங்கள், உள்ளே வந்தவருக்கு அந்தப் பக்கத்துக்கு உரிமை இல்லை என்றால் 403, அதிக முயற்சி என்றால் 429. பிரவுசரில் திறக்கும் பக்கத்துக்கு 401-ஐயும் அதோடு 'பேசிக்' முறை என்ற தலைப்பையும் சேர்த்து அனுப்பினால் பிரவுசர் தன் சொந்தப் பெட்டியைத் தன் மொழியில் திறக்கும், நீங்கள் எழுதிவைத்த தமிழ்ச் செய்தியை யாரும் பார்க்கப் போவதில்லை.

4. பூட்டும்போது யாரைப் பூட்டுகிறீர்கள் என்று பாருங்கள்

ஐந்து முறை தோற்றால் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று வைத்தேன். எண்ணிக்கையை உறுப்பினர் பதிவில் வைக்காமல், அடித்த எண்ணை வைத்துத் தனி அட்டவணையில் வையுங்கள். இல்லாத எண்ணுக்கும் ஐந்தாவது முறை அதே செய்தி வர வேண்டும். வராவிட்டால் மூன்றாம் படியில் மூடிய ஓட்டையை இங்கே திறந்துவிட்டதாகிவிடும்.

நிரந்தரமாகப் பூட்டாதீர்கள். அடுத்தவர் ஐசி எண் தெரிந்த ஒரு கோபக்காரச் சொந்தக்காரர் வேண்டுமென்றே ஐந்து முறை அடித்து அவரை வெளியே நிறுத்த முடியும், சிறு ஊரில் இது நடக்கும்.

ஐபி முகவரியை வைத்துப் பூட்டுவதில்தான் நான் பெரிதாக மாட்டிக்கொண்டேன். ஒரு ஐபி-யிலிருந்து பத்துத் தோல்வி என்றால் தடு என்று எழுதியிருந்தேன். பதிவு நாளன்று மண்டபத்து வைஃபையில் நாற்பது பேர் உட்கார்ந்து முதல் முறையாகக் கடவுச்சொல் அடித்துப் பழகினார்கள். எல்லாருக்கும் வெளியே தெரிவது ஒரே ஐபி. பத்து நிமிடத்தில் ஒருவராலும் நுழைய முடியவில்லை. கைப்பேசி டேட்டாவிலும் பல பேருக்கு ஒரே ஐபி-தான் வெளியே தெரியும். ஆகவே ஐபி வரம்பை நூறு, இருநூறு என்று தாராளமாக வையுங்கள். சர்வருக்கு முன்னால் புராக்சி (இடையில் நின்று கோரிக்கைகளை வாங்கித் தரும் சர்வர்) இருந்தால் உங்கள் கோடுக்கு எல்லாரும் புராக்சியின் ஐபி-யாகவே தெரிவார்கள், அதைச் சரிசெய்யாமல் இந்த வரம்பைப் போடவே போடாதீர்கள்.

காத்திருப்புச் செய்தியில் நேரத்தை மணியாகச் சொல்லுங்கள். '900 விநாடி' என்று காட்டாமல் 'மாலை 4:20-க்குப் பிறகு முயலுங்கள்' என்று காட்டுங்கள்.

5. செய்தி ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும் வழி

நுழைவு வெற்றியானதும் 303 கொடுத்து அடுத்த பக்கத்துக்கு அனுப்புங்கள். அனுப்பாமல் அதே இடத்தில் பக்கத்தைக் காட்டினால், உறுப்பினர் புதுப்பிக்கும்போது 'மறுபடி அனுப்பவா' என்று பிரவுசர் கேட்கும், அதைப் பார்த்ததும் பலர் பயந்து மூடிவிடுகிறார்கள்.

அனுப்பும்போது செய்தியை முகவரியில் ஏற்றாதீர்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் செய்தியின் வாசகத்தையே எழுதி அனுப்பும் கோடை நிறைய இடங்களில் பார்த்தேன், நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று எழுதி, அந்த இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடலாம். முகவரி சங்கத்தின் உண்மையான முகவரி, செய்தி மட்டும் திருடனுடையது. உறுப்பினர் நம்பாமல் என்ன செய்வார்? செய்தியின் குறியீட்டைச் செஷனில் (ஒவ்வொருவருக்கும் சர்வர் வைத்திருக்கும் தற்காலிக நினைவில்) வைத்து, அடுத்த பக்கத்தில் ஒரு முறை காட்டிவிட்டு அழித்துவிடுங்கள். வாசகம் முதல் படியில் எழுதிய அட்டவணையிலிருந்து வரட்டும்.

நுழைந்த பிறகு எங்கே போக வேண்டும் என்ற முகவரியையும் இப்படித்தான் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு சாய்கோட்டில் தொடங்கும் உள்முகவரிகளை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு சாய்கோட்டில் தொடங்கினால் அது வேறு தளத்துக்குக் கொண்டுபோய்விடும்.

ஒரு நாள் முழுக்க என்னைத் தேட வைத்த இன்னொன்று: தமிழ்ச் செய்திக் கோப்பை நோட்பேடில் திறந்து சேமித்ததும் லாகினே வேலை செய்யவில்லை, 'தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன' என்று பிஎச்பி சொன்னது. கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி மூன்று பைட் உட்கார்ந்திருந்தது. அது முதலில் வெளியே போய்விடுவதால் செஷன் குக்கியை அனுப்ப வழியில்லை. பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். டேட்டாபேஸ் இணைப்பின் எழுத்து முறையை யுடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள், இல்லாவிட்டால் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும்.

6. 'வணக்கம்' சொல்லும் முன்

நுழைவு சரியென்று தெரிந்த அந்த நொடியில் செஷன் எண்ணைப் புதிதாக மாற்றுங்கள், பழையதை அழித்துவிடுங்கள். குக்கிக்கு எச்டிடிபி-ஒன்லி (பக்கத்து ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி), செக்யூர் (பாதுகாப்பான இணைப்பில் மட்டும்), சேம்சைட் லாக்ஸ் (வேறு தளத்திலிருந்து அனுப்பும் படிவத்தோடு போகாதபடி) என்ற மூன்று அடையாளங்களும் இருக்கட்டும். இது பல இடங்களில் நன்றாக விளக்கப்பட்டிருப்பதால் நான் நீட்டவில்லை.

நம் பெயர்களைப் பற்றி மட்டும் நீட்டுகிறேன், இதை எங்கும் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. மைகார்டில் நம் பெயர் 'ராமசாமி ஏ/எல் முனியாண்டி' என்று இருக்கும், அதாவது முனியாண்டியின் மகன் ராமசாமி, பெண்களுக்கு ஏ/பி. எடுத்துப் பயன்படுத்திய ஒரு நிரல் தொகுப்பு கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு 'வணக்கம், திரு. முனியாண்டி' என்று காட்டியது. ராமசாமி ஐயாவுக்குத் தன் செத்துப்போன அப்பாவின் பெயர் திரையில் வந்து நின்றது. அவர் என்னிடம் கோபப்படவில்லை, ஆனால் அப்பா பெயரில் யாரோ கணக்குத் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பதறிப்போய் வந்திருந்தார். பெயரை உடைக்கவே உடைக்காதீர்கள். பதிவுப் படிவத்தில் 'உங்களை எப்படி அழைக்க வேண்டும்?' என்று ஒரு கட்டம் வையுங்கள், அதில் எழுதியதை அப்படியே காட்டுங்கள். எங்கள் உறுப்பினர்களில் பலர் 'ராமசாமி ஐயா', 'லெட்சுமி அம்மா' என்று மரியாதையோடு சேர்த்தே எழுதினார்கள், பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

பெயரில் உள்ள சாய்கோடு முகவரிக்குள் போனால் பாதை இரண்டாக உடைந்து 404 வரும், ஆகவே பெயரை முகவரியில் வைக்காதீர்கள். பக்கத்தில் காட்டும்போது எச்டிஎம்எல் குறிகளை முடக்கிக் காட்டுங்கள். பெயர்க் கட்டத்தில் ஸ்கிரிப்ட் எழுதிவைக்கிற ஆள் எந்த ஊரிலும் இருப்பான்.

வணக்கத்தோடு 'கடைசியாக நீங்கள் நுழைந்தது' என்று நேரத்தையும் காட்டினால், வேறு யாரோ நுழைந்திருந்தால் உறுப்பினரே கண்டுபிடிப்பார். ஆனால் சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் எட்டு மணி முன்னால். இரவு 9:14-க்கு நுழைந்தவருக்குப் பகல் 1:14 என்று காட்டினால், திருடன் புகுந்துவிட்டான் என்று அன்றைக்கே தொலைபேசி வரும். சேமிப்பது யுடிசி-யில், காட்டுவது கோலாலம்பூர் நேரத்தில்.

வணக்கம் காட்டும் பக்கங்களுக்குச் 'சேமித்து வைக்காதே' என்ற கேஷ் தலைப்பு அனுப்புங்கள். ஒரே கைப்பேசியை அம்மா, மகன், மருமகள் மூன்று பேரும் பயன்படுத்தும் வீடுகள் இங்கே அதிகம். வெளியேறிய பிறகு பின்செல்லும் பொத்தானைத் தொட்டால் முந்தினவர் கடன் பாக்கி தெரியக் கூடாது.

7. நேரம் தீர்ந்த செய்தி

பிஎச்பி-யில் செஷனின் இயல்பான ஆயுள் 1,440 விநாடி, அதாவது 24 நிமிடம். கடன் விண்ணப்பத்தைத் திறந்துவைத்துவிட்டு ஒரு அக்கா உலையில் அரிசி போட்டு இறக்கிவிட்டு வந்து 'அனுப்பு' தொட்டால், லாகின் பக்கம் வெறுமையாக வந்து நிற்கும். எழுதியது எல்லாம் போயிருக்கும். நீண்ட படிவங்களை இடையிடையே தானாகச் சேமியுங்கள், லாகின் பக்கத்தில் 'நேரமாகிவிட்டதால் வெளியே வந்துவிட்டீர்கள். நீங்கள் எழுதியது பத்திரமாக இருக்கிறது, மறுபடி நுழையுங்கள்' என்று காட்டுங்கள். சேமித்திருந்தால் மட்டும் அந்த வரியை எழுதுங்கள்.

லாகின் படிவத்துக்கே பாதுகாப்பு டோக்கன் இருக்கும் அல்லவா, அதுவும் காலாவதியாகும். லாரவெல் என்ற பிஎச்பி நிரல் தொகுப்பு என்றால் '419' என்று ஆங்கிலத்தில் ஒரு வெள்ளைப் பக்கம் வரும். அதைப் பிடித்து, புது டோக்கனோடு லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.

8. எஸ்எம்எஸ்ஸில் நுழைவு எண் அனுப்பினால் செலவைக் கணக்குப் பாருங்கள்

ஆங்கில எழுத்து எஸ்எம்எஸ் ஒன்றில் 160 குறிகள் கொள்ளும். தமிழ் ஒரு எழுத்து வந்துவிட்டால் அது 70 ஆகக் குறையும், அதைத் தாண்டினால் பகுதிக்கு 67. நான் முதலில் எழுதியது: 'உங்கள் நுழைவு எண் 482913. 5 நிமிடத்துக்குச் செல்லும். யாரிடமும் சொல்லாதீர்கள்.' இது 78 குறிகள், ஆக இரண்டு எஸ்எம்எஸ் காசு. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும், கண்ணால் எண்ணி ஏமாறாதீர்கள். சுருக்கியது: 'நுழைவு எண் 482913. 5 நிமிடம். யாரிடமும் சொல்லாதீர்கள்.' 54 குறிகள். மலேசியாவில் மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ்களுக்கு முன்னால் வரும் 'ஆர்எம்0' என்ற முன்னொட்டும் சில குறிகளை எடுத்துக்கொள்ளும், அதற்கும் இடம் விடுங்கள்.

300 பேர் மாதம் நான்கு முறை நுழைகிறார்கள், ஒரு எஸ்எம்எஸ் 10 சென் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி என்றால் மாதம் 120 ரிங்கிட், இரண்டு பகுதி என்றால் 240. சிறு சங்கத்துக்கு இது பெரிய வித்தியாசம். அதனால் ஒவ்வொரு நுழைவுக்கும் எண் அனுப்புவதை விட்டுவிட்டு, புதுக் கைப்பேசிக்கும் கடவுச்சொல் மாற்றத்துக்கும் மட்டும் என்று வைத்தோம். எஸ்எம்எஸ்ஸில் இணைப்பு வைக்காதீர்கள், எண் மட்டும் போதும். இணைப்பைத் தொட உறுப்பினரைப் பழக்கினால் நாளைக்குத் திருடன் அனுப்புவதையும் தொடுவார்.

9. சர்வர் பக்கத்துச் செக்ரோல்

தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் யார் வந்தார், எந்தத் தேதி என்று பதிவது போல, உறுப்பினரிடம் சொல்லாத காரணத்தை எல்லாம் சர்வர் பதிவேட்டில் எழுதுங்கள்: நேரம், உறுப்பினர் எண், ஐபி, காரணக் குறியீடு. ஒவ்வொரு தோல்விக்கும் ஆறு எழுத்துள்ள ஒரு குறிப்பு எண் கொடுத்து அதைச் செய்தியின் அடியில் சிறிதாகக் காட்டினேன். இப்போது உறுப்பினர் அந்த எண்ணை மட்டும் தொலைபேசியில் சொன்னால், செயலாளர் அக்கா பதிவேட்டில் பார்த்து 'அம்மா, நீங்க பழைய கடவுச்சொல்லை அடிக்கிறீங்க' என்று சொல்லிவிடுகிறார்.

அடித்த எண்ணை அப்படியே பதியாதீர்கள். அவசரத்தில் பலர் கடவுச்சொல்லை ஐசி கட்டத்தில் அடித்துவிடுகிறார்கள், அது உங்கள் பதிவேட்டில் பச்சையாகக் கிடக்கும். 12 இலக்கமாக இருந்தால் கடைசி நான்கை மட்டும் பதியுங்கள், வேறு எதுவாக இருந்தாலும் 'வடிவம் பொருந்தவில்லை' என்று மட்டும் எழுதுங்கள். இதில் இன்னொரு நன்மை, வரி உடைக்கும் குறிகளைப் புகுத்திப் பொய்ப் பதிவுகளை யாரும் சேர்க்க முடியாது.

10. ஆவணங்கள், காசு, நாள்

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிக நடவடிக்கைகளுக்கானது. எங்கள் சங்கம் கடன் கொடுப்பதால் பொருந்தும் என்றே எடுத்துக்கொண்டோம். பதிவுப் பக்கத்தில் என்ன தகவல் எடுக்கிறீர்கள், எதற்கு என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, தமிழை நாங்களாகச் சேர்த்தோம். தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. யார் தெரிவிப்பது, எந்தப் பதிவேட்டை எடுப்பது என்று சங்கக் கூட்டத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கசிந்த அன்று கூட்டம் கூட்ட முடியாது.

பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. 90 நாளில் காலாவதியாகும், தானாகப் புதுப்பிக்கும்படி வைத்துவிட்டு முதல் புதுப்பிப்பு நடந்ததா என்று ஒரு முறை கண்ணால் பாருங்கள். காலாவதியானால் உறுப்பினருக்கு முதலில் தெரிவது பிரவுசரின் 'ஆபத்து' பக்கம், உங்கள் செய்தி எதுவும் அதற்குள் வராது.

நாள் கணக்கு எனக்கு இப்படி வந்தது: செய்தித் தாள் ஒரு வாரம், கோடு இரண்டு வாரம், எஸ்எம்எஸ் சேவைக்குச் சங்கத்தின் பதிவுச் சான்றிதழைக் கொடுத்து அனுமதி வாங்க இரண்டரை வாரம், உறுப்பினர்களோடு சோதிக்க மீதி நாட்கள். எஸ்எம்எஸ் விண்ணப்பத்தை முதல் நாளே போட்டிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

திறக்கும் நாளை மாதத்தின் நடுவில் வையுங்கள். சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பது வேலைச் சட்டம், ஆகவே முதல் வாரத்தில்தான் எல்லாரும் கணக்குப் பார்க்க நுழைவார்கள், அந்த வாரத்தில் லாகின் கோடைத் தொடாதீர்கள். நாங்கள் திருத்தியதை 17-ஆம் தேதி ஏற்றினோம். அன்று மாலை அந்த அம்மாவை வரச்சொல்லி, அவர் கைப்பேசியில் அவரையே அடிக்கச் சொன்னேன். ஐசி எண்ணைக் கோடு போட்டுத்தான் அடித்தார். நுழைந்தது.